பத்து பைசாவில் எழுதியிருந்த செய்தி

இன்றைக்குப் பத்து பைசாவைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். நம் வயதுக்காரர்களுக்குப் பத்து பைசா என்றால் ஒரு வேளைத் தின்பண்டம். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் பத்து பைசாவுக்கு இரண்டு கை வேகவைத்த மல்லாட்டை வாங்கித் தின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். அந்தக் காசை எத்தனையோ முறை கையில் வாங்கியிருப்போம். அதில் என்ன எழுதியிருந்தது என்று எத்தனை பேர் பார்த்தோம்?

நான் அஞ்சல் துறையில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன். கவுண்டரில் உட்கார்ந்தால் நாள் முழுக்கச் சில்லறைதான். அதனால் எனக்குப் பார்க்க வாய்த்தது. அரசாங்கம் ஏதாவது ஒரு நிகழ்ச்சியை முன்னிட்டுப் படம் மாற்றி அடித்த சின்னக் காசுகளை மட்டும் எடுத்து வைப்பது என் பழக்கம். எடுத்த காசுக்கு ஈடாக என் பையிலிருந்து வேறு காசு போட்டுவிடுவேன், கணக்கு சரியாகிவிடும். இதைவிட மலிவான பொழுதுபோக்கு உலகத்தில் இருக்க முடியாது.

அணாவிலிருந்து பைசாவுக்கு

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. அன்றைக்குத்தான் ரூபாய்க்கு நூறு என்ற புதுக் கணக்கு வந்தது. ‘நயா பைசா’ என்று பெயர். நான் அப்போது அனந்தபுரத்தில் ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிற பையன். பழைய காசும் புதுக் காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே ஓடின. நாலணாவுக்கு 25 நயா பைசா என்பது சரியாக வகுபடும். ஓரணாவுக்கு ஆறேகால் வருமே, அந்தக் காலை எங்கே போய் வாங்குவது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு பைசாவாக இரண்டு முறை வாங்கினாலும் 12, ஒரே முறையில் இரண்டணாவுக்கு வாங்கினாலும் 12. ஆனால் நாலு முறை ஓரணாவுக்கு வாங்கினால் 24தான். ஒரு பைசா மிச்சம். இதைக் கண்டுபிடித்த எங்கள் தெருப் பெண்கள் எண்ணெயும் புளியும் ஓரணா ஓரணாவாகத்தான் வாங்குவார்கள். கடைக்காரர் பாடு திண்டாட்டம்.

1964 ஜூன் 1 முதல் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. அதற்கு ஐந்து நாள் முன்புதான், மே 27 அன்று, நேரு காலமாகியிருந்தார். அவர் நினைவாக அந்த ஆண்டே 50 பைசாவும் ஒரு ரூபாயும் அவர் முகத்தோடு வந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் அவை. எட்டணாவில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பெயர் இந்தியில், மற்றொன்றில் ஆங்கிலத்தில்.

மஞ்சள் இருபது பைசா

அடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் மஞ்சள் இருபது பைசா. 1968 முதல் 1971 வரை தாமரைப்பூ போட்டு வந்தது சாதாரணக் காசு. 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக அவர் முகம் போட்ட இருபது பைசா வந்தது. 1970இலும் 1971இலும் தாமரையோடு ‘எல்லோருக்கும் உணவு’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இருபது பைசா வந்தது. ஆக மொத்தம் மூன்று வகை.

இந்தக் காசில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு வதந்தி ஊரெல்லாம் பரவியது. தங்கமாவது கிங்கமாவது! செம்போடு துத்தநாகமும் கொஞ்சம் நிக்கலும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். செம்போடு அலுமினியம் சேர்ந்தாலும் வரும். ஆனாலும் ஜனங்கள் நம்பினார்கள். உருக்கி மோதிரம் செய்து போட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், தாமரை மகாலட்சுமியின் பூ அல்லவா? 108 காசு சேர்த்து வெள்ளிக்கிழமை பூஜையில் ஒவ்வொன்றாகப் போட்டு அர்ச்சனை செய்யும் வழக்கம் வந்தது. எங்கள் ஆயா அப்படி 108 சேர்த்தாள். நான்கு ஆண்டுகள் ஆயிற்று. கடைசிக் காலத்தில் மூன்று பெண்களுக்கும் ஆளுக்கு 36 என்று எண்ணிப் பிரித்துக் கொடுத்தாள். நகை எதுவும் இல்லாத வீட்டில் அதுதான் பாகப்பிரிவினை.

ஆயாவின் 108இல் தாமரை இருந்ததா என்பதுதான் அவளுக்கு முக்கியம். ‘எல்லோருக்கும் உணவு’ என்று எழுதிய காசும் அதில் கலந்திருந்தது. அவளுக்கு அது தெரியாது.

உணவு எப்படிக் காசுக்குள் வந்தது?

இதற்கு ஒரு பின்னணி உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பு ரோம் நகரில் இருக்கிறது. அது 1968இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு நாடும் தன் காசில் உணவைப் பற்றிய படமும் வாசகமும் போட்டு வெளியிட வேண்டும் என்பது யோசனை. இலங்கை அந்த 1968லேயே பராக்கிரமபாகு மன்னர் உருவத்தோடு இரண்டு ரூபாய்க் காசு அடித்தது. மழைநீர் வீணாகாமல் ஏரிகள் வெட்டியவர் என்று அவருக்குப் பெயர். பொருத்தமான ஆள்தான்.

நம் நாட்டில் அந்த வாசகத்துக்கு வேறு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 1965, 1966 இரண்டு ஆண்டும் மழை பொய்த்தது. லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடச் சொல்லி நாட்டைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்கக் கப்பலில் கோதுமை வந்து இறங்கினால்தான் ரேஷன் கடை திறக்கும். சோறு தின்று பழகிய நம் வீடுகளில் அந்தக் கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் உடைத்துக் கஞ்சி வைத்தார்கள். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற வாக்குறுதி என்ன வேலை செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் ஐ.ஆர்.8, ஏ.டி.டி.27 என்று புது நெல் ரகங்கள் வந்தன. எங்கள் ஏரிப்பாசனத்துக்கும் அவை வந்து சேர்ந்தன. மூன்று ஆண்டுக்குள் ‘எல்லோருக்கும் உணவு’ என்று காசு சொன்னது இந்தப் பசியிலிருந்துதான்.

ஒன்பது ஆண்டு, ஒன்பது காசு

1971இல் பத்து பைசா அலுமினியத்துக்கு மாறியது. செம்பும் நிக்கலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. 1966இல் ரூபாய் மதிப்பைக் குறைத்தபின் அவற்றின் விலை கட்டுப்படியாகவில்லை. அலுமினியம் இங்கேயே கிடைக்கும். பூவிதழ் மாதிரி வளைந்து வளைந்து போகும் விளிம்பு, இரண்டேகால் கிராம் எடை. ஊதினால் பறக்கும் என்று கேலி செய்தோம்.

அந்தக் காற்றுக் காசில்தான் 1974 முதல் 1982 வரை ஆண்டு தவறாமல் ஒரு செய்தி வந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

1974: திட்டமிட்ட குடும்பம், எல்லோருக்கும் உணவு.
1975: சமத்துவம், வளர்ச்சி, அமைதி. அது சர்வதேச மகளிர் ஆண்டு.
1976: எல்லோருக்கும் உணவும் வேலையும்.
1977: வளர்ச்சிக்காகச் சேமிப்பீர்.
1978: எல்லோருக்கும் உணவும் உறைவிடமும்.
1979: சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. மகிழ்ச்சியான குழந்தை நாட்டின் பெருமை.
1980: கிராமப் பெண்களின் முன்னேற்றம்.
1981: உலக உணவு நாள்.
1982: டெல்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி.

1976 முதல் 1979 வரை இதே செய்தி சதுர ஐந்து பைசாவிலும் வந்தது. 1980 முதல் 1982 வரை நாலணாவிலும் வந்தது. இவற்றோடு பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று பெரிய காசுகளும் அடித்தார்கள். அவை பெட்டியில் வைத்து விற்கப்பட்டவை. நம் கைக்கு வந்தவை சின்னக் காசுகள்தான். அதனால்தான் எனக்கு இவற்றின் மேல் மதிப்பு. பெட்டிக்காசு பணக்காரர் வீட்டு அலமாரிக்குப் போனது. பத்து பைசா மேல்மலையனூர் அமாவாசை உண்டியலுக்கும், பனமலைப் பக்கம் களை எடுத்த பெண்ணின் முந்தானை முடிச்சுக்கும் போனது.

இந்த ஒன்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்துச் சரித்திரம் முழுக்கத் தெரியும். 1974 என்றால் சிவப்பு முக்கோணம், ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ காலம். அந்தக் காசைக் கொண்டுபோய் ஆயாவிடம் காட்டினேன்.

“இதுல இன்னாடா எழுதியிருக்கு?” என்றாள்.

“கொஞ்சமா புள்ள பெத்துக்கிட்டா எல்லாருக்கும் சோறு கெடைக்கும்னு எழுதியிருக்கு ஆயா.”

ஆயா ஒன்பது பெற்றவள். நான்கு பேர்தான் தங்கினார்கள், என் அப்பாவும் மூன்று அத்தைமார்களும். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அஞ்சு போனப்ப ஒருத்தனும் காசு அடிக்கல. இருக்கறதுக்கு அடிக்கிறானா?” நான் பதில் சொல்லவில்லை.

1977இல் வந்த ‘வளர்ச்சிக்காகச் சேமிப்பீர்’ எங்கள் துறைக்கே அடித்த காசு மாதிரி. பள்ளிக்கூடங்களில் சஞ்சயிகா என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது. பிள்ளைகள் ஐந்தும் பத்துமாகக் கொண்டுவருவதை ஆசிரியர் எழுதி வைத்து, மொத்தமாக அஞ்சலகத்தில் கட்டுவார். மஞ்சள் பையில் அலுமினியக் காசைக் கொட்டினால் எண்ணி முடிக்க அரை மணி நேரம். என்னிடம் உள்ள 1977 காசுகள் பெரும்பாலும் அந்தப் பைகளிலிருந்து பொறுக்கியவை.

1979 குழந்தைகள் ஆண்டு. 1981 அக்டோபர் 16 முதல் உலக உணவு நாள். அடுத்த 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராஜர் 1956இல் போட்ட மதிய உணவின் தொடர்ச்சிதான் என்றாலும் இது பெரிய வீச்சு. காசில் எழுதியது தட்டில் விழுந்தது இங்கேதான் என்று நான் நினைப்பதுண்டு. சேமித்த நாணயங்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

1982 காசில் ஜந்தர் மந்தர் சூரியச் சின்னம் இருக்கும். அப்பு யானையும், வானொலியில் பி.டி. உஷா இரண்டு வெள்ளி வாங்கியதைக் கேட்டதும் நினைவுக்கு வராதவர் உண்டா?

தமிழ் இல்லாத காசு

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு நல்ல செய்திகளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு. நோட்டைப் பார்க்காதவன் கையில் இருக்கும் காசில் தமிழ் இல்லை. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் சொன்னார்கள். நம் ஊரில் எல்லாம் படத்தை வைத்துத்தான் பேர்.

இத்தனைக்கும், பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் அவன் நாட்டு லில்லிப்பூ, மறுபக்கம் ‘புதுச்சேரி’ என்று தமிழ். 1750இல் புஸ்ஸி செஞ்சிக்கோட்டையைப் பிடித்து, 1761இல் ஆங்கிலேயரிடம் விடும்வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. சிப்பாய்களின் கைவழியாக அந்தத் தமிழ்க் காசு செஞ்சிக் கடைத்தெருவில் புழங்கியிருக்கும். அன்னியனுக்குத் தோன்றியது நம்மவர்களுக்குத் தோன்றவில்லை. பிற்பாடு 2009இல் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து வந்தது. பார்த்ததும் மனம் நிறைந்தது. ஆனால் பத்து பைசா காலம் முடிந்து போயிருந்தது.

நாலணாவும் நானும்

விலைவாசி ஏற ஏற, காசு அடிக்கும் செலவு காசின் மதிப்பைத் தாண்டியது. 1988இல் பத்து பைசாவும் நாலணாவும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறின. காண்டாமிருகம் போட்ட நாலணா அப்போது வந்ததுதான். எண்பதுகளில் சில்லறைத் தட்டுப்பாடும் கடுமை. கடையில் மீதிக்கு மிட்டாய் கொடுப்பார்கள். அஞ்சலட்டை 15 பைசா, எங்கள் கவுண்டரில் மிட்டாய் கொடுக்க முடியுமா?

கடைசியில் அரசு அறிவித்தது: 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் செல்லாது. வங்கிகளில் மாற்றிக்கொள்ள ஜூன் 29 வரை அவகாசம். அந்த ஜூன் 30தான் எனக்கும் அறுபது வயது முடிந்து பணி ஓய்வு. மாலை போட்டு, ஃபோட்டோ எடுத்து அனுப்பினார்கள். விழாவில் நண்பர் ஒருவர் “சாரும் நாலணாவும் ஒரே நாளில் ரிட்டயர்டு” என்று பேசினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் அது கொஞ்சம் குத்தியது உண்மை. செல்லாக்காசு என்பது நம் ஊரில் யாரைத் திட்டும் சொல் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றிரவு டப்பாவை எடுத்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். முந்தின நாள் வரை அவை சில்லறை. அன்றைக்குத்தான் அவை சேகரிப்பு ஆயின. வாங்கும் சக்தி போனபின் காசில் மிஞ்சுவது அது சொல்லும் சேதிதான். ஓய்வு பெற்றவனுக்கும் அது பொருந்தும் என்று பட்டது. அடுத்த வாரமே ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரைகளெல்லாம் அப்போது தொடங்கியவை.

சேர்க்க விரும்புவோருக்கு

ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சின்ன வைர வடிவம் இருந்தால் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா. 1988க்குப் பின் வந்த காசில் ஒரு புள்ளி இருந்தால் நொய்டா. ஒரே காசை மூன்று சாலையிலும் தேடுவதுதான் இதில் சுவாரசியம்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், காசு போய்விடும். அலுமினியம் ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துப்போகும். தனித்தனிக் காகித உறையில், காற்றுப்படும் உலர்ந்த இடத்தில் வையுங்கள். உறையின் மேல் எங்கே, யாரிடமிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உங்கள் காலத்துக்குப் பின் அது பழைய இரும்புக்காரன் எடைக்குத்தான் போகும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காசுகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. நாணயக் கண்காட்சிகளில் நான் பத்துக்கும் இருபதுக்கும்தான் வாங்கியிருக்கிறேன். ஆனால் ‘உங்கள் பழைய காசுக்கு ஐந்து லட்சம் தருகிறோம்’ என்று கைபேசியில் வருகிறது அல்லவா? என்னோடு வேலை பார்த்த ஒருவர், வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு வைத்திருந்தார். பதிவுக் கட்டணம் என்றார்கள், கட்டினார். பிறகு வரி என்றார்கள், கட்டினார். பிறகு கூரியர் செலவு. மூன்று மாத ஓய்வூதியம் போனது. காசு அவரிடமேதான் இருக்கிறது. வெட்கப்பட்டு மகனிடம்கூட அவர் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது: பழைய காசு, நோட்டு வாங்குவதோ விற்பதோ தன் வேலை இல்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதியும் கொடுக்கவில்லை என்று. விற்பவரிடம் முன்பணம் கேட்கும் வியாபாரம் எங்காவது உண்டா? அப்படி அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.

2025 ஜூலையில் நம் செஞ்சிக்கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை வந்தது. கோட்டையைக் காக்க இனி உலகமே இருக்கிறது. பத்து பைசாவைக் காக்க நம் வீட்டுப் பரண்கள்தான் இருக்கின்றன. பூஜையறைக் கிண்ணத்திலோ, பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலோ, தையல் மிஷின் இழுப்பறையிலோ கட்டாயம் நான்கைந்து கிடக்கும். எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்தைப் படியுங்கள். பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. ரேஷன் கோதுமைக் கஞ்சி எப்படி இருந்தது என்று அவன் கேட்பான். அதைச் சொல்ல நம்மை விட்டால் ஆள் இல்லை.